ஓர் ஆட்டம்கூட ஆடாத செல்சீயை லீக்கில் சேர்த்தது எப்படி?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "செல்சீ கால்பந்து அணி தொடங்கியதே 1905-ல்தான் என்றீர்கள். அதே வருஷம் ஆரம்பித்த சீசனில் இங்கிலாந்து லீக்கின் இரண்டாம் டிவிஷனில் ஆடி மூன்றாம் இடம் பிடித்தது என்றும் சொன்னீர்கள். ஓர் ஆட்டம்கூட ஆடாத அணியை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்? அவ்வளவு நன்றாக ஆடியும் ஏன் முதல் டிவிஷனுக்குப் போகவில்லை?"

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அப்போது பிளே-ஆஃப், அதாவது மேல் டிவிஷனுக்குப் போவது யார் என்று முடிவுசெய்ய சீசன் கடைசியில் நடத்தும் கூடுதல் ஆட்டங்கள், எல்லாம் கிடையாது. மேலே போவது முதல் இரண்டு அணிகள் மட்டும்தான். அந்த சீசனில் பிரிஸ்டல் சிட்டி 66 புள்ளி, மான்செஸ்டர் யுனைடெட் 62, செல்சீ 53. வெற்றிக்கு 2 புள்ளிதான் கொடுத்த காலம் அது. அதில் 9 புள்ளி வித்தியாசம் என்றால் நூலிழையில் தவறவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பொதுவாக அணி ஒன்று இருக்கும், அது மைதானம் தேடும். இங்கே தலைகீழ். கஸ் மியர்ஸ் என்ற ஒப்பந்ததாரர் 1904-ல் லண்டனில் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தை வாங்கிவிட்டார். ஓட்டப் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த இடம் அது. பக்கத்திலேயே இருந்த ஃபுல்ஹாம் அணியை வாடகைக்கு வரச் சொன்னார், அவர்கள் வரவில்லை. மனுஷர் வெறுத்துப்போய், நிலக்கரி கொட்டிவைக்க இடம் தேடிக்கொண்டிருந்த ரயில்வே கம்பெனிக்கே விற்றுவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டார். அவருடைய நண்பர் ஃப்ரெட் பார்க்கர் வேண்டாம் என்று வாதாடிக்கொண்டிருக்கும்போது மியர்ஸின் நாய் பார்க்கரின் காலைக் கடித்துவிட்டது. பார்க்கர் கோபப்படாமல் சிரித்தபடி அதை எடுத்துக்கொண்டதைப் பார்த்து, 'இந்த ஆளை நம்பலாம்' என்று மியர்ஸ் மனசு மாறினாராம். பார்க்கரே பின்னால் சொன்ன கதை இது, கொஞ்சம் மசாலா சேர்த்தும் இருக்கலாம்.

1905 மார்ச் 10-ஆம் தேதி, மைதானத்துக்கு எதிரே இருந்த ஒரு மதுக்கடையின் மாடியில் கிளப் பிறந்தது. தென்பகுதி அணிகள் ஆடிய சதர்ன் லீக்கில் இடம் கேட்டால், ஏற்கெனவே அங்கிருந்த லண்டன் அணிகள் விடவில்லை. அதனால் நேயர் கேட்ட இங்கிலாந்து லீக்கான ஃபுட்பால் லீக்குக்கே விண்ணப்பித்தார்கள். அங்கே உறுப்பினர் கிளப்களின் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டுத்தான் புது அணியைச் சேர்ப்பார்கள். அதிர்ஷ்டம், அந்த வருஷம்தான் ஒவ்வொரு டிவிஷனையும் 18 அணியிலிருந்து 20-ஆகக் கூட்டினார்கள். லீக்கில் பெரும்பாலும் வட இங்கிலாந்து, நடு இங்கிலாந்து கிளப்கள்தான். அதுவரை லண்டனிலிருந்து இருந்தது ஊல்விச் ஆர்சனல் மட்டும். லண்டன் ரசிகர் கூட்டத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருந்தது. மே 29-ஆம் தேதி செல்சீ உள்ளே வந்துவிட்டது. என்னைக் கேட்டால், ஓட்டு விழுந்தது அணிக்கு இல்லை, மைதானத்துக்கு.

அணியைக் காசு கொடுத்துச் சேர்த்தார்கள். ஜாக்கி ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் வீரராகவும் மேனேஜராகவும் இருந்தார். கோல்கீப்பர், கேப்டன் இரண்டும் வில்லியம் ஃபௌல்க். ஷெஃபீல்ட் யுனைடெட்டிலிருந்து 50 பவுண்டுக்கு வந்தவர். எடை ஏறக்குறைய 140 கிலோ! அவர் இன்னும் பிரம்மாண்டமாகத் தெரியட்டும் என்று கோலுக்குப் பின்னால் இரண்டு சின்னப் பையன்களை நிறுத்தினார்கள், பந்து எடுத்துக் கொடுக்கும் 'பால் பாய்' வழக்கமே அங்கிருந்துதான் வந்தது என்று சொல்வார்கள்.

செப்டம்பர் 2-ல் ஸ்டாக்போர்ட்டில் முதல் ஆட்டம், 1-0 தோல்வி. அடுத்த வாரம் பிளாக்பூலில் 1-0 வெற்றி, கோல் அடித்தது மேனேஜர் ராபர்ட்சனே. சொந்த மைதானத்தில் முதல் லீக் ஆட்டத்தில் ஹல் சிட்டியை 5-1 என்று அடித்தார்கள்.

அந்த சீசனில் எனக்குப் பிடித்த கூத்து நவம்பர் 18-ஆம் தேதி நடந்தது. ஒரே நாளில் பர்ன்லியோடு லீக் ஆட்டம், கிரிஸ்டல் பேலஸோடு எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) நடத்தும் கோப்பையின் தகுதிச் சுற்று. செல்சீ முதல் அணியை லீக் ஆட்டத்தில் இறக்கிவிட்டு, கோப்பைக்கு ரிசர்வ் வீரர்களை அனுப்பியது. பர்ன்லியை 1-0 என்று ஜெயித்தார்கள், பேலஸிடம் 7-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பேலஸும் அதே வருஷம் தொடங்கிய கிளப்தான். இனிமேல் கோப்பை ஆட்டத்துக்கு முழு பலத்தோடுதான் வர வேண்டும் என்று எஃப்.ஏ. விதி போட்டது இதற்கப்புறம்தான்.

மைதானத்தை நம்பி ஓட்டுப் போட்டவர்கள் ஏமாறவில்லை. 1906 ஏப்ரல் 13, புனித வெள்ளி. மான்செஸ்டர் யுனைடெட் வந்தபோது ஏறக்குறைய 67,000 பேர் திரண்டார்கள். இரண்டாம் டிவிஷன் ஆட்டத்துக்கு! முடிவு 1-1.

அதே மாதம் ஃபௌல்க் பிராட்ஃபோர்ட் சிட்டிக்குப் போய்விட்டார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஜார்ஜ் ஹில்ஸ்டன் என்ற புதுப் பையன் கிளாசப் அணிக்கு எதிராக ஐந்து கோல் போட, செல்சீ 9-2 என்று ஜெயித்தது. 1907-ல் இரண்டாம் இடம் பிடித்து முதல் டிவிஷனுக்கும் போய்விட்டார்கள்.