மலைக்குப் போகுமுன் மேசையில் விரிக்க வேண்டிய வரைபடம்

நேயர்களுக்கு வணக்கம். சனி, ஞாயிறு வந்தால் நாகலாபுரம், தடா, செஞ்சி, ஜவ்வாது மலை என்று சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் இன்று ஏராளம். எல்லோர் போனிலும் வரைபடம் இருக்கிறது. அடிவாரம் வரை அது ஒழுங்காகக் கூட்டிப்போகும். அதற்கு மேல் சிக்னல் போனதும் திரையில் வெறும் சாம்பல் கட்டம்தான். ஆகவே வரைபட வேலையில் முக்கால்வாசி வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதலில் காகிதம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவை டோப்போ ஷீட்டுகளை, அதாவது மேடு பள்ளம், ஓடை எல்லாம் காட்டும் நில வரைபடத் தாள்களை, அத்துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு பிடிஎஃப் கோப்பாக இலவசமாகவே இறக்கலாம். ஒரு ஷீட் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் சதுரத்தைக் காட்டும். சென்னைப் பக்கத்து ஷீட்டுகளின் எண் டி44 என்று தொடங்கும். முழு ஷீட்டையும் அச்சிட வேண்டாம். ஏ4 தாளில் 14-க்கு 10 கிலோமீட்டர் அடங்கும். ஒரு நாள் நடைக்கு அது தாராளம்.

அச்சிடும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் கேட்காமலே தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கிவிடுவார்கள். 'நூறு சதவீதம், அசல் அளவு' என்று சொல்லி வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே ஸ்கேலை வைத்து, படத்தில் உள்ள அளவுகோலை அளந்து பாருங்கள். 1 கிலோமீட்டர் சரியாக 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 1.8 இருந்தால், நீங்கள் அளக்கும் ஒவ்வொரு தூரமும் பத்து சதவீதம் குறைவாகத் தெரியும். பத்து கிலோமீட்டரை ஒன்பது என்று நம்பி நடப்பீர்கள். இங்க்ஜெட் அச்சு வியர்வை பட்டாலே கரையும், அதனால் லேசர் அச்சு நல்லது. கறுப்பு வெள்ளை மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த ஷீட்டுகளில் ஆண்டு முழுவதும் நீர் இருக்கும் இடங்கள் நீலம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடைகள் கறுப்பு. கறுப்பு வெள்ளைப் பிரதியில் இரண்டும் ஒன்றாகிவிடும். குடிநீருக்கு நம்பிப்போன ஓடை மே மாதத்தில் மணலாகக் கிடக்கும். அதே ஓடையை ஐப்பசி, கார்த்திகையில் காலையில் கணுக்காலளவு நீரில் கடந்திருப்பீர்கள். மாலையில் திரும்பி வரும்போது இடுப்பளவு ஓடும்.

அடுத்து, பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். என்னைக் கேட்டால் காகித வரைபடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. இரண்டு கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் பெரும்பாலும் 20 மீட்டர். ஷீட்டின் ஓரத்தில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கோடுகள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் 100 மீட்டர் நடந்து 20 மீட்டர் ஏறுகிறீர்கள், சாதாரண ஏற்றம். 1 மில்லிமீட்டர் என்றால் மூச்சு வாங்கும். அரை மில்லிமீட்டர் என்றால் கையையும் ஊன்ற வேண்டும். கோட்டின் கூர்முனை மேட்டை நோக்கி வளைந்தால் அது ஓடைப் பள்ளம். இறக்கத்தை நோக்கி வளைந்தால் மலையின் முதுகு. ஒரு பொறியும் உண்டு: 15 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே அடையாளமே இல்லாமல் ஒளிந்திருக்க முடியும். அருவிப் பள்ளத்தாக்குகளில் ஓடையோடு இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றும் உதவும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 400 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 52 நிமிடம். அவர் ஊர்க் குளிர் நமக்கில்லை. ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டில் அளவை செய்த ஆண்டும் இருக்கும். மலை அப்படியே இருக்கும், பாதைகளை நம்ப முடியாது. அங்கேதான் போன் கைகொடுக்கிறது. கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை இறக்கி வைத்தாலும், இணையம் இல்லாதபோது அது நடைவழி சொல்லாது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டவை, ஒற்றையடிப் பாதைகளையும் காட்டும். தன்னார்வலர்கள் வரைந்தது என்பதால் சில பாதைகள் பாதியிலேயே நின்றுபோகும். வரைபடத்தில் பாதை இருப்பதாலேயே போக அனுமதி இருப்பதாகவும் ஆகாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் 40 மலைப்பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம்.

ஜி.பி.எஸ்.ஸுக்கு சிம் கார்டோ டேட்டாவோ தேவையில்லை. பேட்டரியைத் தின்பது திரையும் சிக்னல் தேடலும்தான், அதனால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஆனால் அதற்கு முன், அடிவாரத்தில் சிக்னல் இருக்கும்போதே இருப்பிடத்தை ஒருமுறை பிடிக்க விடுங்கள். இல்லையென்றால் பிறகு திறந்த வெளியில் சில நிமிடம் காத்திருக்க வேண்டிவரும். குறுகிய பாறைப் பள்ளங்களில் செயற்கைக்கோள் அலைகள் பாறையில் பட்டுத் திரும்புவதால் நீலப் புள்ளி எதிர்க்கரைக்கே தாவும்.

போன் காட்டும் இடத்தைத் தாளில் குறிக்கும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கவனியுங்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். தாளில் 13 டிகிரி 5 நிமிடம் என்றிருப்பது போனில் 13.05 அல்ல, 13.083. இதில் தவறினால் 3.7 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். திசைகாட்டிக்குச் சென்னைப் பக்கம் பெரிய திருத்தம் வேண்டாம், காந்த வடக்கு, அதாவது முள் காட்டும் வடக்கு, ஓரிரு டிகிரிதான் மேற்கே சாய்ந்திருக்கிறது. காந்த மூடி வைத்த போன் உறையை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

பழகிப் பார்க்கப் பறங்கிமலை போதும். நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட உதவும் முதல் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கிய இடமே அதுதான். மேலே நின்று தாளை வடக்கு நோக்கித் திருப்புங்கள். கிழக்கே கிண்டிக் காடு, தென்மேற்கே விமான நிலையம். இரண்டும் தாளில் எந்தப் பக்கமோ, கண்ணெதிரே அதே பக்கம் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. காட்டுக்குள் யாருக்காவது அடிபட்டு உதவி கேட்க வேண்டியிருந்தால், இருப்பிடத்தைத் தசம எண்ணில், புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை அனுப்புங்கள். நான்காவது இலக்கம் சுமார் 11 மீட்டர், தேடி வருகிறவர்களுக்கு அது போதும். அழைப்பு போகாத இடத்தில்கூட எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பெறுகிறவருக்கு இடம் புரிய வேண்டும். அதனால் ஊரில் இருக்கும் ஒருவரிடம் அதே வரைபடத்தின் இன்னொரு பிரதியைக் கொடுத்து, எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அதிலேயே எழுதிவிட்டுக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.