கடலுக்குப் போகாத ஆறு: ஒக்கவாங்கோவின் கடைமடையிலிருந்து

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது போட்ஸ்வானாவின் வடமேற்கில் மவுன் என்ற ஊரில், தமலகானே ஆற்றின் நடுவே நின்றுகொண்டிருக்கிறேன். நடுவே என்றுதான் சொல்கிறேன், ஆனால் கால் இன்னும் நனையவில்லை. ஜூன் மாதம் இது. மழை நின்று இரண்டு மாதங்களுக்கு மேலாகிவிட்டது. ஆற்றுப் படுகை வெடித்துக் கிடக்கிறது. ஒளிப்பதிவுக் கருவியைக் கீழே தாழ்த்துகிறேன், பாருங்கள். அந்தப் பழுப்பு நிறக் கோடுதான் நான் மூன்று நாட்களாகக் காத்திருந்த வெள்ளத்தின் நுனி. ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லை. சருகையும் நுரையையும் காய்ந்த சாணத்தையும் முன்னால் தள்ளிக்கொண்டு, தவழும் குழந்தையின் வேகத்தில் வருகிறது. ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறது. வெடிப்புகளிலிருந்து எறும்பும் சிலந்தியும் வெளியேறி ஓடுவதையும், அவற்றைக் கொத்துவதற்காகக் கொக்குகள் நீருக்கு முன்னால் நடந்து வருவதையும் பாருங்கள்.

இந்தத் தண்ணீர் இங்கே பெய்த மழையால் வந்ததன்று. அங்கோலாவின் நடு மேட்டுநிலத்தில் கடந்த கோடையில் (பூமியின் இந்தத் தென்பாதியில் கோடை டிசம்பரை ஒட்டி வருகிறது) பெய்த மழை, குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி, ஒன்றுசேர்ந்து ஒக்கவாங்கோ ஆறாகி, நமீபியாவின் ஒரு குறுகிய நிலப்பட்டையைக் கடந்து, மொஹெம்போ என்ற இடத்தில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அங்கே வெள்ளம் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய ஏப்ரலில். மொஹெம்போவிலிருந்து மவுன் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான், ஆனால் வெள்ளத்தின் உச்சம் இந்த ஊரைத் தொடுவதற்கு ஜூலையோ ஆகஸ்டோ ஆகிவிடும். காரணம் எளியது. இந்த 250 கிலோமீட்டருக்கு நிலம் இறங்குவது மொத்தம் 60 மீட்டர் அளவுக்குத்தான். அதாவது நான்கு கிலோமீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் சரிவு. ஆகவே ஊரெல்லாம் காய்ந்திருக்கும் பருவத்தில் இங்கே வெள்ளம் வருகிறது. யானையும் எருமையும் சுற்றியிருக்கும் கலஹாரி மணற்காட்டிலிருந்து இதைத் தேடி வருவது அதனால்தான். இந்த நாட்டில் நாணயத்துக்குப் பெயர் பூலா. பூலா என்றால் மழை. தண்ணீரின் மதிப்பை இவர்கள் பணத்தாளிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் தங்கியிருக்கும் விடுதியின் வரவேற்பறையில் ஒரு விளம்பரத் தாள் கிடந்தது. ‘மனிதக் கை படாத வனாந்தரம்’ என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இன்றைய பதிவு முழுவதும் அந்தச் சண்டைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நான் நிற்கும் இந்த ஆறு எவ்வளவு நேராக ஓடுகிறது என்று கவனியுங்கள். சமவெளி ஆறுகள் வளைந்து நெளிந்து போகும். இது அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் தென்மேற்காகப் போகிறது. ஏனென்றால் இது ஒரு நிலப்பிளவின் மேல் ஓடுகிறது. வடமேற்கில் குமாரே பிளவு, இந்தப் பக்கம் குன்யேரே, தமலகானே பிளவுகள். கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கிளை என்று புவியியலாளர்கள் கருதும் இந்தப் பள்ளத்துக்குள் ஆறு விழுந்து, விசிறிபோல் விரிந்து, வெளியேற வழியின்றித் தேங்குகிறது. உள்ளே வரும் தண்ணீரை நூறு குடம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய தொண்ணூற்றாறு குடம் வெயிலிலும் செடிகொடிகளின் வழியாகவும் வானத்துக்கே போய்விடுகிறது; இரண்டு குடம் மண்ணுக்குள் இறங்குகிறது; எஞ்சிய இரண்டு குடந்தான் மவுனைத் தாண்டிப் பொட்டெட்டி ஆறாகக் கிழக்கே போகிறது. கடலுக்கு ஒரு சொட்டும் இல்லை.

ஆறு இப்படி நிலத்துக்குள்ளேயே விரியும் இடத்தையும் கழிமுகம் என்றே சொல்கிறார்கள். இனி இந்தக் கழிமுகத்தைக் கட்டும் வேலையாட்களைச் சொல்கிறேன். வடக்கே மேல்பகுதியில் கால்வாய்களின் கரை மண்ணால் ஆனதன்று. பாப்பிரஸ் என்ற கோரையால் ஆனது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, வேரும் தண்டும் பின்னி, மிதக்கும் சுவராக நிற்கும். தண்ணீர் அந்தச் சுவரின் இடைவெளிகளில் கசிந்து பக்கவாட்டில் பரவிவிடும். ஆனால் அடியில் உருண்டு வரும் மணலால் அப்படிக் கசிய முடியாது. எனவே மணல் கால்வாய்க்குள்ளேயே படிந்து, ஆண்டுக்கு ஆண்டு படுகை உயர்ந்து, ஒரு கட்டத்தில் கால்வாய் தன் அக்கம்பக்கத்தைவிட மேடாகிவிடுகிறது. பிறகு கோரை நடுவே வளர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வேறு வழி தேடும்போது, இரவில் மேய்ச்சலுக்குப் போகும் நீர்யானைகள் மிதித்து மிதித்து உண்டாக்கிய தடங்கள்தான் அதற்கு ஆயத்தமாக இருக்கும் வழிகள். அப்படி ஒரு கால்வாய் சாக, இன்னொன்று பிறக்கிறது. செத்த கால்வாயின் ஓரத்தில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மக்கிய கோரை உலர்ந்து, தீப்பிடித்து, மண்ணுக்கடியில் ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். அந்தச் சாம்பலின் மேல்தான் பின்னர் புல் செழித்து மான்கள் மேய வருகின்றன.

இது ஏட்டில் மட்டும் உள்ள செய்தியன்று. மேற்கே தாவோகே என்றொரு கால்வாய் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதுதான் முதன்மை வழி. தெற்கே ங்காமி ஏரியை நிரப்பியது அதுவே. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தாவோகே மெல்ல அடைபட்டு, ஏரி சுருங்கிப் போனது. மேலிருந்து தானியம் ஏற்றி வந்தவர்கள் கோரையால் கட்டிய தெப்பங்களைக் கீழே வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனதால்தான் அடைத்துக்கொண்டது என்று ஒரு பழங்கதை உண்டு. தெப்பமும் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் என் கருத்தில் குற்றவாளி மணல்தான்.

இப்போது நேற்றுப் பதிவு செய்த காட்சியைச் சேர்க்கிறேன். இது மொக்கோரோ என்ற ஒற்றைமர வள்ளம். உட்கார்ந்தால் தண்ணீர் மட்டம் நம் இடுப்புக்கு நேராக இருக்கிறது. அல்லித் தண்டு விலாவில் உரசுகிறது. பின்னால் நின்றபடி ஒருவர் நீண்ட கழியால் தரையை ஊன்றித் தள்ளுகிறார். கழியின் நுனி கவைபோல் இரண்டாகப் பிளந்திருப்பதால் சேற்றில் புதைவதில்லை. முன்பு பெரிய மரங்களைக் குடைந்து செய்தார்கள். இப்போது காட்டு மரத்தைக் காப்பதற்காகக் கண்ணாடியிழை வள்ளங்களே பெரும்பாலும் ஓடுகின்றன. நாங்கள் இறங்கியது ஒரு சின்னத் தீவு. வள்ளக்காரர் என்னை நேராக ஒரு கறையான் புற்றுக்கு அழைத்துச் சென்று, இதுதான் இந்தத் தீவின் தகப்பன் என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வெள்ளம் குறைந்த ஆண்டுகளில் கறையான்கள் புற்றுக் கட்டுகின்றன. அடுத்து வரும் வெள்ளத்துக்கு மேலே அந்தப் புற்று மட்டும் தலைநீட்டி நிற்கிறது. பறவைகள் அதில் வந்து உட்கார்ந்து எச்சத்தோடு விதையைப் போடுகின்றன, மரம் முளைக்கிறது. மரங்கள் வேரால் நீரை உறிஞ்சும்போது நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் வேருக்கடியில் படிந்து, மண்ணை மெல்ல மேலே தூக்க, தீவு அகலமாகிறது. சோடிய உப்பு மட்டும் படியாமல் நடுப்பகுதியில் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் இந்தத் தீவுகளின் ஓரத்தில் அத்தியும் பெருமரங்களும், உள்ளே போகப் போக உப்பைத் தாங்கும் விசிறிப்பனையும், நட்டநடுவில் மொட்டைத் திடலும் இருக்கின்றன. அந்தத் திடலில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்: சமையல் சோடாவின் அதே கரகரப்பு, அதே கசப்பு. மரங்கள் தம் தீவின் நடுவில் உப்பைப் புதைப்பதால்தான் சுற்றியுள்ள தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்கிறது. வள்ளக்காரர் கையால் அள்ளிக் குடித்தார், நானும் குடித்தேன்.

அந்த வள்ளக்காரர் வயேயி இனத்தவர். வள்ளம் செலுத்துவதையும் ஆழமற்ற நீரில் மீன் பிடிப்பதையும் இந்தக் கழிமுகத்தில் பரப்பியவர்கள் என்று வயேயிகளைச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் வடக்கே சாம்பெசி ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு முன்பே இங்கே ஆற்று ஓரத்தில் வாழ்ந்தவர்கள் புகாக்வே போன்ற சான் பழங்குடி மக்கள். பிறகு கால்நடைகளோடு வந்து அரசமைத்தவர்கள் படவானாக்கள். அந்த அரசில் வயேயிகள் நீண்டகாலம் அடிமைகளுக்கு ஒப்பான நிலையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் 1849 ஆகஸ்ட் 1 அன்று ங்காமி ஏரியைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அவர் பொட்டெட்டிக் கரையோரமாக வந்தபோது, வடக்கே எண்ண முடியாத அளவுக்கு ஆறுகள் நிறைந்த நாடு ஒன்று இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இங்குள்ளவர்கள்தாம்.

காட்டின் எல்லையைக்கூட மனிதர் மட்டும் வரையவில்லை. ஓர் ஈயும் ஒரு மாட்டு நோயும் சேர்ந்து வரைந்தன. செட்சி ஈ கடித்தால் மனிதருக்குத் தூக்க நோய், மாட்டுக்கு நகானா. ஆகவே ஈ இருந்த இடத்துக்குள் மந்தைகள் நுழைய முடியவில்லை. 1896இல் ஆப்பிரிக்காவின் கிழக்கிலிருந்து இறங்கிய வெக்கை நோய் மாடுகளையும் காட்டெருமைகளையும் கொத்துக் கொத்தாகக் கொன்றது. இரத்தம் குடிக்க விலங்கின்றி ஈயும் பின்வாங்கியது. விலங்குகள் பெருகியதும் ஈ திரும்பி வந்தது. அதை ஒழிப்பதற்காக விலங்குகளைச் சுட்டார்கள், மரங்களை வெட்டினார்கள், நஞ்சு தெளித்தார்கள். கடைசியில் 2001, 2002 ஆண்டுகளில் வானூர்தியிலிருந்து டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்த பிறகே அது போனது. ஈ போன பின் மாடுகளைத் தடுத்து நிறுத்துவது 1980களில் போடப்பட்ட எருமை வேலி மட்டுந்தான். காட்டெருமையின் கோமாரி நோய் ஏற்றுமதி மாடுகளுக்குத் தொற்றாமலிருக்கப் போட்ட வேலி அது. ஆக, விளம்பரத் தாளில் ‘கை படாத’ என்று அச்சிட்டிருந்த எல்லை, உண்மையில் மாட்டிறைச்சி வணிகத்தின் எல்லை.

1963இல் இந்தக் கழிமுகத்தில் மொரேமி வனவிலங்குக் காப்பகம் அமைந்த கதையிலும் இதே இரட்டை முகம் உண்டு. தோலுக்கும் தந்தத்துக்கும் நடந்த வேட்டையைக் கண்டு, படவானாக்களின் ஆட்சிப் பொறுப்பில் அப்போது இருந்த எலிசபெத் புலானே மொரேமி அம்மையாரின் தலைமையில் அந்த மக்களே தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் காப்பகமாக அறிவித்தார்கள். வெளியாட்கள் வந்து திணிக்காத காப்பகம் என்று இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அந்த எல்லைக்குள் வாழ்ந்த புகாக்வே குடும்பங்கள் வெளியே அனுப்பப்பட்டு, க்வாய் ஆற்றின் மறுகரையில் குடியேற நேர்ந்தது. நாளைக் காலை நான் க்வாய்க்குப் போகிறேன். பாலத்தின் ஒரு பக்கம் காப்பகம், மறுபக்கம் அவர்களுடைய ஊர்.

தண்ணீரை எடுத்துப் போகும் முயற்சிகளும் குறைவில்லை. கழிமுகத்திலிருந்து மவுன் பக்கம் வரும் போரோ கால்வாயைத் தூர்வாரி, தண்ணீரை ஒராபா வைரச் சுரங்கத்துக்கும் மவுன் நகரத்துக்கும் பாசனத்துக்கும் திருப்ப அரசு திட்டமிட்டது. 1991 ஜனவரியில் இந்த ஊர்ச் சபையில், க்கோட்லா என்று சொல்வார்கள், மக்கள் கூடி அமைச்சரின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது க்கோட்லாவின் மரபு. அதனால் அமைச்சரும் பேசியவர்கள் எல்லோரையும் கேட்க வேண்டியதாயிற்று. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. 2014இல் யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக ஒக்கவாங்கோவைச் சேர்த்தபோது சேர்க்க ஏதாவது மிஞ்சியிருந்ததென்றால், அதற்கு அந்தக் கூட்டமும் ஒரு காரணம்.

சற்றுப் பொறுங்கள், காற்று ஒலிவாங்கியில் அடிக்கிறது. நீர் என் செருப்பைத் தொட்டுவிட்டது, கரையேறிவிடுகிறேன்.

இந்தக் கூடையைக் காட்டிவிட்டு முடிக்கிறேன். கழிமுகத்தின் மேற்குக் கரையில் எட்ஷா என்ற பெயரில் வரிசையாகப் பதின்மூன்று ஊர்கள் இருக்கின்றன. எட்ஷா 1, எட்ஷா 2 என்று எட்ஷா 13 வரை எண்கள்தான் பெயர். 1960களின் பிற்பகுதியில் அங்கோலாவில் நடந்த விடுதலைப் போரிலிருந்து தப்பி, இந்த ஆறு வரும் வழியிலேயே இறங்கி வந்த ஹம்புகுஷு மக்கள், கூட்டம் கூட்டமாகக் குடியேற்றப்பட்ட ஊர்கள் அவை. அங்கோலாவில் சண்டை 2002 வரை ஓயவில்லை. குயிட்டோ ஆற்றின் கரைகளில் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. அந்த மக்களின் பெண்கள் விசிறிப்பனையின் குருத்தோலையைக் கீறி, மரப்பட்டையும் வேரும் போட்டுக் கொதிக்கவைத்துச் சிவப்பும் பழுப்புமாகச் சாயமேற்றி, இதைப் பின்னுகிறார்கள். இழையை எவ்வளவு நெருக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள் பாருங்கள், நகம் நுழையவில்லை. விற்ற அம்மாவிடம் இந்த நெளிகோட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். நடந்துகொண்டே மூத்திரம் பெய்யும் காளை மணலில் விட்டுச்செல்லும் தடம் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டேன்.