குவளையைத் திருப்பிப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். ‘டீக்கி’ உணவகங்கள், அதாவது ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளின் (பழைய பேச்சில் ‘தென்கடல்’) சாயலில் அமெரிக்காவில் கட்டிய உணவகங்கள், அவற்றில் மிஞ்சிய பொருள்களைச் சேர்ப்பது பற்றி இன்று பேசுகிறேன்.

நம் கொலம்பஸ் நகரின் கிழக்கு பிராட் தெருவில் 1961-ல் ‘கஹீக்கி’ என்று ஓர் உணவகம் திறந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் ஒஹாயோவுக்கு வந்து சேர்ந்தது அது போன பிறகுதான். அதனால் முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பில் சாப், லீ ஹென்றி என்ற இருவர் முதலாளிகள். கட்டடத்தை வடிவமைத்தவர் கோபர்ன் மார்கன். நியூ கினித் தீவில் ஆண்கள் கூடும் மன்றத்தின் சாயலில், செங்குத்தாகச் சரியும் பெரிய கூரை. வாசலில் ஈஸ்டர் தீவுச் சிலைகளின் சாயலில் இரண்டு சிலைகள், தலையில் தீ எரியும். உள்ளே போனால் ஒரு கிராமத்துத் தெரு மாதிரி அமைத்து, இருபுறமும் குடிசை குடிசையாக மேசைகள் போட்டிருப்பார்கள். கோடியில் பிரம்மாண்டமான ஒரு சிலை முகம். அதன் வாய்க்குள்தான் கணப்பு எரியும். ஒரு பக்கம் மீன் தொட்டிகள். இன்னொரு பக்கம் கண்ணாடிச் சன்னல்கள், அவற்றுக்குப் பின்னால் அவ்வப்போது இடி இடித்து மழை பெய்யும். ஜனவரியில், வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, உள்ளே தென்கடல் மழையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய இடம் அது.

1997-ல் அதைத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். பொதுவாக ஐம்பது வயதாவது ஆன கட்டடத்தைத்தான் அதில் சேர்ப்பார்கள், இதற்கு முப்பத்தாறுதான். அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால் யாரும் கைவைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. தனியார் சொந்தக்காரர் தன் சொந்தப் பணத்தில் இடித்தால் அந்தப் பதிவேடு தடுக்காது. 2000 ஆகஸ்டில் கஹீக்கியை மூடினார்கள், நவம்பரில் இடித்தார்கள். அந்த இடத்தில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை வந்தது. வேறு எங்காவது மறுபடியும் கட்டலாம் என்ற நம்பிக்கையில் பல பொருள்களைப் பெயர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். கட்டவில்லை.

சரி, இது ஓர் ஊரின் கதை மட்டும்தானா? இல்லை. 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய சமயத்தில், எர்னஸ்ட் கான்ட் என்ற இளைஞர் ஹாலிவுட்டில் சின்னதாக ஒரு பார் திறந்தார். அதுதான் பிறகு ‘டான் த பீச்கோம்பர்’ ஆனது. அவரும் தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். ரம், எலுமிச்சை, மசாலாப் பாகு இவற்றை அடுக்கடுக்காகச் சேர்த்த பானங்கள். மூங்கில், வலை, மங்கலான வெளிச்சம். மறு ஆண்டில் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரான் ஒரு சிறு மதுக்கடை தொடங்கினார். சில ஆண்டுகளில் அதுவும் தென்கடல் வேடம் போட்டு ‘டிரேடர் விக்ஸ்’ ஆனது. பசிபிக் போரில் இருந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் திரும்பி வந்தார்கள். 1959-ல் ஹவாய் ஒரு மாநிலமானது. ஜெட் விமானங்கள் வந்தன. இதனாலெல்லாம் தென்கடல் மோகம் பரவி, இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஊருக்கு ஊர் டீக்கி உணவகம். கியூபாவின் ஹவானா ஹில்டன் ஓட்டலில்கூட 1958-ல் டிரேடர் விக்ஸ் திறந்தார்கள். மறு ஆண்டே புரட்சி. அப்புறம் அந்த உணவகம் ‘பொலினேசியோ’ என்ற பெயரில் தொடர்ந்தது.

1970களில் எல்லாம் சரிந்தது. அப்பா அம்மா போன இடத்துக்குப் பிள்ளைகள் போக விரும்பவில்லை. நிலத்தின் விலை ஏறியது. பெவர்லி ஹில்ஸில் ஸ்டீவ் கிரேன் 1953-ல் திறந்த ‘லுவாவ்’ 1979-ல் இடிபட்டது. நியூயார்க் பிளாசா ஓட்டலில் இருந்த டிரேடர் விக்ஸும் பிறகு போனது.

போனவற்றில் மிஞ்சியதைத்தான் என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் சேர்க்கிறோம். குவளை, கிண்ணம், மெனு அட்டை, தீக்குச்சி அட்டை, பானம் கலக்கும் பிளாஸ்டிக் குச்சி, சாம்பல் கிண்ணம், தபால் அட்டை, வாடிக்கையாளரை மேசையிலேயே படம் பிடித்து அட்டை உறையில் வைத்துக் கொடுத்த புகைப்படம். இவற்றில் அழகானது குவளை. எல்லோரும் தேடுவது அதைத்தான். கோர முகமும் பெரிய பல்லுமாக அலமாரியில் வரிசையாக வைத்தால் நன்றாகத்தான் இருக்கும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இன்று நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது, அந்த முகத்தைப் பார்த்தது போதும், திருப்பி அடியையும் முதுகையும் பாருங்கள் என்பதுதான். இந்தத் தொழிலில் உழைத்தவர்களின் தடம் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பழுப்புக் குவளையைப் பாருங்கள். முதுகில் ஓர் உணவகத்தின் பெயர். அடியில் ஆர் என்ற எழுத்தும் அதை அடுத்து ஓர் எண்ணும். ‘ஆர்கிட்ஸ் ஆஃப் ஹவாய்’ என்ற நிறுவனத்தின் சரக்கு இது. பெயர்தான் ஹவாய், நிறுவனம் இருந்தது நியூயார்க்கில், மண்ணைப் பிசைந்து சுட்டது ஜப்பானில். இதே அச்சில் வார்த்த குவளை பத்து ஊர்களில் பத்துப் பெயர்களோடு கிடைக்கும். ‘ஓடகிரி’ என்ற இன்னொரு நிறுவனத்தின் குவளையில் ஜப்பானில் செய்தது என்று ஒரு சின்னக் காகித ஒட்டு இருக்கும். வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைத்தான் உரிப்பார்கள். தண்ணீரில் ஊறப்போட்டு அந்த ஒட்டை எடுத்துவிட்டு, பளபளவென்று படம் எடுத்து விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. போரில் தோற்ற நாட்டின் குயவர்கள், ஜெயித்த நாட்டின் சிப்பாய்கள் குடிக்கத் தென்கடல் தெய்வ முகங்களைச் செய்து கப்பலேற்றினார்கள். அதற்குச் சாட்சி அந்த ஒட்டுதான்.

அடுத்து இந்தத் தீக்குச்சி அட்டை. கஹீக்கியுடையது. ஒரு ரூபாய்ப் பொருள் மாதிரி தெரியும், ஆனால் காலம் கணிக்க இதைவிட நல்ல துணை இல்லை. உரசும் பட்டை முன்பக்கம் இருக்கிறதா, பின்பக்கமா என்று முதலில் பாருங்கள். முன்னால் திறந்த இடத்தில் உரசினால் பொறி பட்டு உள்ளே இருக்கும் குச்சிகளும் சேர்ந்து பற்றிக்கொள்ளும் என்று, 1970களில் பட்டையைப் பின்பக்கம் மாற்றச் சொன்னார்கள். இதில் முன்பக்கம். ஆகவே அதற்கு முந்தியது. முகவரியைப் பாருங்கள். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963-ல் வந்தது. அது இருந்தால் நிச்சயம் 1963-க்குப் பிந்தியது. இதில் இல்லை, முந்தியதாக இருக்கலாம், ஆனால் அச்சிட்டவர் போடாமலும் விட்டிருப்பார். அதனால் தொலைபேசி எண்ணையும் பாருங்கள்: எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து வந்தால் அது பழைய முறை, அறுபதுகளில் மெல்ல மெல்ல மறைந்தது. மூன்றும் ஒரே திசையைக் காட்டினால், இந்த அட்டை கஹீக்கி திறந்த முதல் சில ஆண்டுகளைச் சேர்ந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். குவளையில் இதில் பாதிகூடத் தெரியாது.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன். அது என்னிடம் இல்லை.

டான் பீச்சின் கடையில் புகழ்பெற்ற பானம் ‘ஸாம்பி’. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டார்கள், அவ்வளவு ஏறும். அதை எப்படிக் கலப்பது என்பது ரகசியம். போட்டிக்காரர்கள் சம்பளம் கூட்டிக் கொடுத்து வேலையாட்களை இழுத்துக்கொண்டு போனதால், டான் பீச் புட்டிகளில் பெயருக்குப் பதிலாகக் குறியீடுகளை ஒட்டினார். கலக்குபவருக்கே தான் ஊற்றுவது என்னவென்று தெரியாது. நான்காம் எண்ணில் இவ்வளவு, இரண்டாம் எண்ணில் இவ்வளவு என்று மட்டும் தெரியும். யார் இந்தக் கலக்குபவர்கள்? பெரும்பாலும் பிலிப்பினோக்கள். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து பிழைக்க வந்து கலிபோர்னியாவில் கிடைத்த வேலையைச் செய்தவர்கள். வாடிக்கையாளருக்கு அவர்கள் தென்கடல்காரர்கள். ஊர் பெயர் கேட்பாரில்லை. அடுப்படியில் நின்றவர்களில் பலர் சீனர்கள். பொலினேசிய உணவு என்று மேசைக்கு வந்ததில் பெரும்பகுதி தென் சீனாவின் கான்டன் சமையல்.

டான் பீச் 1989-ல் இறந்தார். ஸாம்பி என்ற பெயரில் ஆளுக்கொரு பானம் விற்றார்கள், எதுவும் அசல் இல்லை. ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் அதைத் தேடினார். கடைசியில் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? டிக் சான்டியாகோ என்ற பரிசாரகர் அந்தக் கடையில் வேலை பார்த்தபோது சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு சிறு குறிப்பேட்டில் இருந்து. 1937-ஐச் சேர்ந்தது. அவருடைய மகள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதிலும் ஒரு குறியீடு மிச்சம் இருந்தது. அந்த நான்காம் எண் மசாலா என்ன என்று எழுதவில்லை. பழைய ஊழியர்களைத் தேடிப் போய்க் கேட்ட பிறகுதான் விடை கிடைத்தது: லவங்கப்பட்டைப் பாகு. அதோடு பம்ப்ளிமாஸ் இனத்துக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்ததுதான் ‘டான் கலவை’. அந்தச் செய்முறை 2007-ல் அச்சில் வந்தது. ஆளை மயக்கிய ஒரு பானத்தின் ரகசியம் எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு வேலையாளின் கையெழுத்திலும் இன்னொரு வேலையாளின் ஞாபகத்திலும் இருந்து வெளியே வந்தது. முதலாளியின் பெட்டகத்தில் இருந்து வரவில்லை.

அதே கடையில் தொடக்க காலத்தில் கலக்கியவர் ரே புயென் என்ற பிலிப்பினோ. முதலாளிகள் பலரிடம் வேலை பார்த்துவிட்டு 1961-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஸன்செட் சாலையில் ‘டீக்கி-டி’ என்று தன் சொந்தக் கடையைத் திறந்தார். இத்தனூண்டு கடை. மகனும் பேரன்களும் தொடர்ந்து நடத்தினார்கள். அங்கிருந்து வந்த ஒரு கலக்கும் குச்சி என்னிடம் இருக்கிறது. அரண்மனை மாதிரி உணவகங்களின் குவளைகளுக்கு மேல் தட்டில் அதை வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி வரும் என்று தெரியும். இன்னொரு மக்களின் மூதாதையர் முகத்தைக் குடிக்கும் பாத்திரமாக்கியது சரியா? சரியில்லை என்றே நினைக்கிறேன். கஹீக்கியின் கணப்பாக இருந்தது ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) மக்களின் முன்னோர் சிலையின் நகல். மாவோரி, மார்க்கீசஸ், ஹவாய் எல்லாவற்றையும் ஒரே மேசையில் கலந்து வைத்தார்கள். அதற்காக இந்தப் பொருள்களை உடைத்துப் போடச் சொல்லமாட்டேன். ஆனால் காட்சிக்கு வைக்கும்போது ‘பொலினேசியக் கலை’ என்று சீட்டு எழுதாதீர்கள். ‘அமெரிக்க உணவகப் பொருள், ஜப்பானில் செய்தது’ என்று எழுதுங்கள். அதுதான் உண்மை. கலிபோர்னியாவின் விட்டியர் நகரில் ‘ஓஷியானிக் ஆர்ட்ஸ்’ என்ற பட்டறை 1956 முதல் நாடெங்கும் உணவகங்களுக்குச் சிலை செதுக்கிக் கொடுத்தது, 2021-ல் மூடினார்கள். அங்கிருந்து வந்த மரச் சிலையை, அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லித்தான் காட்ட வேண்டும்.

விலையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. அரிய குவளைகள் நம் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. புதிதாக வார்த்த நகல்களும் நிறைய உலவுகின்றன. காகிதப் பொருள்கள் இன்னும் வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேலில், பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் கடைகளில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே செருகிக் கிடக்கின்றன. அங்கே போனால் பொருளுக்குப் பேரம் பேசுவதற்கு முன்னால் ஆளிடம் பேசுங்கள். இது யாருடையது, எந்த வருஷம், என்ன விசேஷத்துக்குப் போனார்கள், யார் பரிமாறினார்கள்? சொன்னதை அன்றைக்கே தனித் தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். மெனுவின் மேல் பேனா படக்கூடாது. பசை நாடாவும் வேண்டாம், பத்து வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். புகைப்பட உறைகளின் உட்பக்கம் பார்க்க மறக்காதீர்கள், அங்கே சிலர் பென்சிலில் பெயரும் தேதியும் எழுதி வைத்திருப்பார்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கஹீக்கி கிட்டத்தட்ட நாற்பது வருஷம் நடந்தது. அதில் பரிமாறியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், மணியோசை கேட்டதும் நான்கு பேர் பருகும் பெரிய கிண்ணத்தை ஏந்திவந்த ‘மர்மப் பெண்’கள் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள்தான். பலர் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள். 1961-ல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் தெருவில், உங்கள் மருத்துவமனையில், நீங்கள் தன்னார்வலராகப் போகும் முதியோர் இல்லத்தில் அப்படி யாராவது இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்கள், எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள், டிப்ஸ் எப்படிப் பிரித்தார்கள், அந்த மழைச் சன்னலுக்குத் தண்ணீர் விட்டது யார். ஒலிப்பதிவுக் கருவி வேண்டுமென்றால் நான் தருகிறேன். கூட வரச் சொன்னாலும் வருகிறேன்.