மூணாவது தண்ணியில தெளியும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணிகளுக்கும், சபைக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இணையத்துல பிழைக்கப் பெரிதும் கைகொடுப்பது கணினித் திறனா, கேமரா முன்னால பேசுற திறனா, எழுதுற திறனா? நான் எழுத்துக்காக நிற்கிறேன். கதை, கவிதை எழுதுறதைச் சொல்லலை. முகம் தெரியாத ஒருத்தருக்கு, அவர் எதிர்ல இல்லாத நேரத்துல, ஒரு விஷயத்தைச் சந்தேகம் வராம எழுதிப் புரியவைக்கிற திறனைச் சொல்றேன்.

முதல்ல பேசின தம்பி கணினி அணி. நல்லாப் பேசினார். போற போக்குல எங்க அணி மேல ஒரு கல்லையும் வீசிட்டுப் போனார். "2022 நவம்பர்ல, கேட்டதை எழுதிக் கொடுக்கிற சாட்ஜிபிடி வந்த அன்னிக்கே எழுத்து செத்துப்போச்சு. இப்ப குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுற மாதிரி வார்த்தை கொட்டுது. குழாய்த் தண்ணிக்கு எவன் காசு கொடுப்பான்?" அப்படின்னு கேட்டார். சபை கைதட்டுச்சு.

தம்பி, நான் இந்தச் சபையையே கேட்கிறேன். இங்க உட்கார்ந்திருக்கிற அம்மாமார்ல, வீட்டுக்கு இருபது லிட்டர் கேன் தண்ணி வாங்காதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. ஒரு கை, ரெண்டு கை... அந்த ஓரத்துல ஒரு பாட்டி, சரி, மூணு. மத்த எல்லா வீட்லயும் குழாயும் இருக்கு, கேனும் இருக்கு! குழாய்ல வர்ற தண்ணி எதைத் தொட்டுட்டு வருதுன்னு நமக்குத் தெரியலை. பாத்திரம் கழுவ அது போதும். கைக்குழந்தைக்குப் பால் கலக்கணும்னா? நம்பிக் குடிக்கிற தண்ணிக்கு நம்ம ஜனம் காசு கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கு தம்பி. மாசாமாசம் கொடுக்குது.

அந்தக் குழாய் என் சொந்தக்காரங்க வீட்ல என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன் கேளுங்க.

என் சின்னம்மா சின்னாளபட்டியில இருக்காங்க. திண்டுக்கல் பக்கம். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. பட்டறையில சுங்குடிச் சேலை எடுத்து வீடு வீடாக் கொடுத்து, தவணையில பணம் வாங்குற வியாபாரம். சுங்குடிக்குச் சித்திரைதான் சீசன். வெயிலுக்கு அந்தப் பருத்திச் சேலை உடம்புல இருக்கிறதே தெரியாது. 2020 சித்திரைக்கு நாற்பது சேலை எடுத்து அடுக்கி வச்சிருந்தாங்க. ஊரடங்கு வந்துருச்சு. அந்த வருஷம் அழகரே ஆத்துல இறங்கலை. சின்னம்மா தெருவுல இறங்குறது எப்படி? நாற்பது சேலையும் பீரோவுல இருந்துச்சு.

கூரியர் ஓட ஆரம்பிச்சதும் அவங்க மகன், எனக்குத் தம்பி முறை, மொட்டை மாடியில கொடி கட்டிச் சேலையைத் தொங்கவிட்டு வீடியோ எடுத்தான். காத்துல சேலை ஆடுது, பின்னால சிறுமலை தெரியுது. பார்க்கக் கண்ணுக்கு அவ்வளவு அழகு. வாட்ஸ்அப்புல போட்டான், பேஸ்புக்குல போட்டான். ஒரே வாரத்துல முப்பத்தியோரு சேலை போயிருச்சு. சேலை 650 ரூபாய். சின்னம்மா பணத்தை எண்ணி எண்ணிப் பார்க்கிறாங்க.

அடுத்த வாரம் போன் வந்துச்சு. "ஏம்மா, வாளித் தண்ணியெல்லாம் ரத்தமா இருக்கு!" சின்னம்மா பதறிட்டாங்க, யாருக்கோ அடிபட்டுருச்சுன்னு. கடைசியில பார்த்தா அரக்குக் கலர் சேலையைத் துவைச்சிருக்காங்க. ரெண்டாவது போன். வெள்ளைப் பாவாடை ரோஸ் ஆயிருச்சு. மூணாவது போன்தான் பெரிய போன். அந்தம்மா சேலையை மெஷின்ல போட்டிருக்காங்க. அதே மெஷின்ல வீட்டுக்காரரோட பட்டுக்கரை வேட்டி. மறுநாள் மச்சினன் கல்யாணத்துக்கு மேடை ஏற வச்சிருந்த வேட்டி! அந்த மனுஷன் போனைப் பிடுங்கிச் சின்னம்மாகிட்ட கேட்கிறார், "நான் ரோஸ் வேட்டி கட்டிட்டு எப்படிம்மா தாலி எடுத்துக் கொடுக்கிறது?"

சின்னம்மா என்ன பதில் சொல்ல முடியும்? "முதல் தண்ணியில சாயம் விடும்யா, அது சுங்குடி"ன்னாங்க. அவர் கேட்டார், "அதை வீடியோவுல எங்கே சொன்னீங்க?"

இது ஒரு கேள்வி, நடுவர் அவர்களே! அதை வீடியோவுல எங்கே சொன்னீங்க? காத்துல ஆடின சேலை சாயத்தைச் சொல்லலை. பின்னால இருந்த சிறுமலையும் சொல்லலை. பதினோரு சேலை திரும்பி வந்துச்சு. போக எழுபது, வர எழுபது. கூரியருக்கு மட்டும் 1,540 ரூபாய் போச்சு.

அன்னிக்கு ராத்திரி சின்னம்மா மகனோட பழைய நோட்டுல பக்கத்தைக் கிழிச்சு உட்கார்ந்தாங்க. எழுதினாங்க. அடிச்சாங்க. திரும்ப எழுதினாங்க. என்ன எழுதினாங்கன்னு வார்த்தை மாறாமச் சொல்றேன், எனக்கு மனப்பாடம்:

"இது சுங்குடி. முதல் தண்ணியில சாயம் நிறைய விடும். ரெண்டாவது தண்ணியில கொஞ்சம் விடும். மூணாவது தண்ணியில தெளியும். அதுவரைக்கும் தனியா அலசுங்க. வாளிக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்க. நிழல்ல காயப்போடுங்க. மெஷின்ல போடாதீங்க. இதுக்குச் சம்மதம்னா மட்டும் வாங்குங்க."

மகன் தலையில கை வச்சுட்டான். "அம்மா, சாயம் போகும்னு நீயே எழுதினா எவ வாங்குவா?" அவன் பயந்தது வீண் இல்லை. அந்த வாரம் ஒன்பது சேலைதான் போச்சு. ஆனா ஒன்பதுல ஒண்ணுகூடத் திரும்பி வரலை. அந்த ஒன்பது பேர்ல ஆறு பேர் ஆடிக்குள்ள மறுபடி வாங்கினாங்க. தங்கச்சிக்கு ஒண்ணு, சம்பந்திக்கு ஒண்ணு. இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டு அடுப்பு அந்த ஒன்பது வரியிலதான் எரியுது.

இப்ப குழாய்க்கு வர்றேன்.

2023ல என் தம்பிக்கு ஒரு ஆசை. "அம்மா, உன் எழுத்து பட்டிக்காடா இருக்கு. ஏஐகிட்ட எழுதி வாங்குறேன்"னான். வாங்கினான். பட்டனைத் தட்டினதும் கொட்டுச்சு. நான் படிச்சேன். "பாரம்பரியத்தின் கைவண்ணம், நேர்த்தியின் உச்சம், காலத்தால் அழியாத வண்ணங்களின் சங்கமம்." நடுவர் அவர்களே, காலத்தால் அழியாத வண்ணம்! முதல் தண்ணியிலேயே வாளியை ரத்தமாக்குற சேலைக்கு, அழியாத வண்ணம்! அந்த ஒன்பது வரியை எடுத்துட்டு இதைப் போட்டான். தீபாவளிக்கு ஏழு சேலை திரும்பி வந்துச்சு. ஒரு அம்மா அந்த வரியையே படம் பிடிச்சு அனுப்பி, "அழியாத வண்ணம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. சின்னம்மா மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் நேர்ல பார்த்தேன்.

அந்த ஏஐ மெஷினை நான் குறை சொல்ல வரலை. அது சுங்குடியைத் தண்ணியில முக்கினது கிடையாது. அதுக்குச் சாயம் போகும்னு யாரும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தா ஒழுங்கா எழுதிக் கொடுத்திருக்கும். ஆனா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமே! எதைச் சொல்லணும், எதை முதல்ல சொல்லணும், வாங்குறவ எந்த இடத்துல ஏமாறுவான்னு தெரிஞ்சு அந்த மெஷின்கிட்டயே எழுதணுமே! தம்பி, நீங்க அதுகிட்ட வேலை வாங்குறதே எழுதித்தானே?

கணினி அணிக்கு இன்னும் ஒண்ணு. நீங்க பெருமையாச் சொன்ன லினக்ஸ் எப்படி வெளியுலகத்துக்கு வந்துச்சு? 1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கியில 21 வயசு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இணையத்துல பலபேர் எழுதிப் படிக்கிற ஒரு செய்திக் குழுவுல சின்னதா ஒரு கடிதம் எழுதினார். ஒரு இயங்குதளம் செஞ்சுக்கிட்டிருக்கேன், பொழுதுபோக்குதான், பெரிசா ஒண்ணும் இருக்காது, உங்களுக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க, அவ்வளவுதான் சாரம். நிரல் வெளியே வந்தது அதுக்கு அடுத்த மாசம். முதல்ல போனது கடிதம்! இன்னிக்கும் அந்த லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல ஒரு வரி மாத்தணும்னா, ஏன் மாத்தணும்னு விளக்கி மின்னஞ்சல் அனுப்பணும். விளக்கம் சரியில்லைன்னா திருப்பி அனுப்புவாங்க. அமேசான் பேரையும் சொன்னீங்க. 2004ல அதை ஆரம்பிச்ச ஜெஃப் பெசோஸ் தன் மேல்மட்டக் கூட்டங்கள்ல பவர்பாயிண்ட் வேண்டாம்னு நிறுத்திட்டார். ஆறு பக்கத்துக்குள்ள எழுதிட்டு வரச்சொல்லி, கூட்டம் ஆரம்பிச்சதும் எல்லாரும் வாய் திறக்காம அதைப் படிக்கிற வழக்கம் அங்க வந்துச்சு.

வீடியோ அணி அண்ணன் புதுக்கோட்டை வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொன்னார். 2018ல ஆரம்பிச்சு, 2021ல ஒரு கோடி சந்தாதாரர்கள். தமிழ்ச் சேனல்கள்ல முதல் முறை. எனக்கும் அது பெருமைதான், அதை மறுத்துப் பேச மாட்டேன். ஆனா அண்ணே, யூடியூபுல விளம்பரக் காசு வரணும்னா முதல்ல 1,000 சந்தாதாரர், அதோட ஒரு வருஷத்துல 4,000 மணி நேரம் ஜனம் பார்த்திருக்கணும். இல்லைன்னா குட்டி வீடியோவுக்கு 90 நாள்ல ஒரு கோடி பார்வை. அந்தக் கரையைத் தொடுறதுக்குள்ள கால் ஓய்ஞ்சு திரும்பின பிள்ளைங்க என் தெருவுலேயே இருக்காங்க. நல்ல கேமரா கடன்ல வாங்கின பிள்ளைங்க. என் சின்னம்மாவுக்கு ஒரு கோடிப் பேர் தேவைப்படலை. சாயம் போகும்னு தெரிஞ்சே வாங்குற ஒன்பது பேர் போதுமா இருந்துச்சு.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே. ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க. இதைச் சொல்லாம உட்கார முடியாது.

எட்டாவது படிச்ச ஒரு பொம்பளைக்கு அப்படி எழுத எங்கிருந்து வந்துச்சுன்னு நான் ஒருநாள் கேட்டேன். சின்னம்மா பதில் சொல்லாம, பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாங்க. உள்ளே பூரா நீலக் கலர்ல இன்லேண்ட் லெட்டர்.

கல்யாணமான புதுசுல சித்தப்பா திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை பார்த்தார். மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். வாரம் ஒரு இன்லேண்ட் அவர் போடுவார், ஒண்ணு இவங்க போடுவாங்க. இன்லேண்ட்ல எவ்வளவு இடம் இருக்கும்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, விட்டது, மாமியாருக்குக் கண் மங்குறது, ரேஷன்ல அரிசி போட்டது, சீட்டுக் கட்டினது, எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். "என் லெட்டரை அவரு வேலை முடிஞ்சு, விரல்ல சாயத்தோட, மங்கின லைட்டுல படிப்பாரு. புரியலைன்னா ஒரு வாரம் தவிச்சுப்போவாரு. அதான் புரியிற மாதிரி எழுதிப் பழகினேன்"னாங்க. ஒட்டுற ஓரத்துல, கோந்து தடவுற இடத்தை விட்டுட்டு, அங்கேயும் ஒரு வரி எழுதியிருக்காங்க. சித்தப்பா போட்ட இன்லேண்ட்ல சிலதுல விரல் ரேகை அப்படியே இருக்கு. நீலம், அரக்கு, பச்சை. முப்பது வருஷம் ஆகியும் அந்தச் சாயம் போகலை.

சித்தப்பா 2014ல தவறிட்டார். அதுக்கப்புறம் சின்னம்மாவுக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை.

ஊரடங்குல அந்த ஒன்பது வரியைப் போட்டு ஒரு மாசம் இருக்கும். நெல்லைப் பக்கம் இருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்புல பதில் எழுதியிருந்தாங்க. "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே அலசினேன். முதல் தண்ணி கெட்டி. ரெண்டாவது தண்ணி இளஞ்சிவப்பு. மூணாவது தண்ணி தெளிஞ்சிருச்சு. கல்லுப்புப் போட்டு அலசுறப்ப எங்க அம்மா ஞாபகம் வந்து கிணத்தடியில உட்கார்ந்து அழுதுட்டேன். அவங்களும் இப்படித்தான் அலசுவாங்க. நல்லாயிருங்க."

சின்னம்மா அதை நாலு தடவை படிச்சாங்க. அப்புறம் என்கிட்ட போனை நீட்டி, "ஏண்டி, இதைக் காகிதத்துல எடுக்க முடியுமா?"ன்னாங்க. ஜெராக்ஸ் கடை திறந்திருந்த நேரம் பார்த்துப் போய் எடுத்துட்டு வந்தேன். அஞ்சு ரூபாய். அந்தத் தாளை மூணா மடிச்சாங்க, இன்லேண்டை மடிக்கிற மாதிரியே. தகரப் பெட்டியைத் திறந்து, சித்தப்பா கடைசியாப் போட்ட இன்லேண்டுக்கு மேல வச்சு மூடினாங்க.