சங்கத்தை ‘எஸ்’ போட்டுத் தேடாதீர்கள்

அவையோருக்கு வணக்கம்.

தமிழ் ஆய்வுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் புறப்படும் மாணவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். விசா, விடுதி, குளிர் உடுப்பு பற்றியெல்லாம் பலரும் சொல்லியிருப்பார்கள். நூலகத்தைப் பற்றிச் சொல்லி அனுப்புவோர் குறைவு. போய்ச் சேர்ந்ததும், ‘இத்தனை பெரிய நூலகத்தில் நான் கேட்கும் தமிழ்ப் புத்தகம் இல்லையே’ என்று மனம் சோர்ந்துவிடும். பல நேரம் புத்தகம் அங்கேதான் இருக்கும்.

அது அங்கே போன கதை நம்மோடு தொடர்புடையது. 1954இல் வந்த பி.எல். 480 சட்டத்தின்படி அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் பணம் கொடுத்தது. அப்படிச் சேர்ந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962இல் டெல்லியில் திறந்த அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோ போன்ற இடங்களில் தமிழ் அலமாரிகள் அப்படித்தான் நிறைந்தன.

அப்படியானால் தேடும்போது ஏன் கிடைப்பதில்லை? அந்த நூலகங்களின் பட்டியல்கள் தமிழை ரோமன் எழுத்தில் பெயர்த்து வைத்திருக்கின்றன. நாம் பேச்சொலியை வைத்துக் கூட்டும் ஆங்கில எழுத்து அங்கே செல்லாது. அவர்களுடைய விதி தமிழ் எழுத்தைத்தான் பார்க்கும். ‘ச’ எங்கே வந்தாலும் ஆங்கில ‘சி’தான். ‘க’ எங்கே வந்தாலும் ‘கே’, ‘ஜி’ கிடையாது. ‘சங்கம்’ வேண்டுமென்றால் சி, ஏ, என், கே, ஏ, எம் என்று தட்ட வேண்டும். உ.வே. சாமிநாதையரும் ‘சி’ வரிசையில்தான் இருக்கிறார்.

‘ழ’வுக்கு ‘இசட்-எச்’ போடாதீர்கள். அங்கே அது அடிக்கோடிட்ட ‘எல்’. ‘ள’ அடிப்புள்ளியிட்ட ‘எல்’. பெரும்பாலான தேடுபெட்டிகள் கோட்டையும் புள்ளியையும் நெடில் குறியையும் பொருட்படுத்துவதில்லை. தட்டுவதற்கு அது வசதிதான். ஆனால் கலை, களை, காலை, காளை நான்கும் ஒன்றாகிவிடும். எனவே மொழி ‘தமிழ்’ என்று முதலில் வரையறுத்து, ஆசிரியர் பெயரையோ ஆண்டையோ சேருங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒற்று. ‘தமிழ்ச் சிறுகதை’ என்ற தலைப்பில் முதல் சொல் ‘தமிழ்’ அல்ல, ‘தமிழ்ச்’. ஒற்றுக்கும் ஓர் எழுத்து உண்டு என்பதால் ‘தமிழ்’ என்று மட்டும் தட்டினால் அந்தப் புத்தகம் நழுவிவிடலாம். சொல்லின் இறுதியில் உடுக்குறி (*) போட்டால் பிடிபடும். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள், பழைய பதிவுகள் பலவற்றில் ரோமன் எழுத்து மட்டுமே இருக்கும்.

அலமாரிக்கு நேரே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நாடாளுமன்ற நூலக வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் பி.எல். 4758ஐ ஒட்டி இருக்கும் (இது அலமாரி எண், மேலே சொன்ன சட்டம் அல்ல). டியூயி என்னும் மற்றொரு வகைப்பாட்டு முறையில் 894.811. தமிழக வரலாறு அங்கே இராது. அதற்கு டி.எஸ். பகுதிக்குப் போக வேண்டும்.

உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை நூலகங்களுக்கிடையேயான கடன் வழியாகக் கேட்கலாம். முதலில் பல நூலகங்களின் இணையக் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் பதிவைக் கண்டுபிடியுங்கள். அதிலுள்ள ஓ.சி.எல்.சி. எண் என்னும் பதிவு எண்ணையும், தலைப்பை அங்கே உள்ளபடியே எழுத்துக்கு எழுத்தும் படிவத்தில் நிரப்புங்கள். நம் வழக்கப்படி எழுத்துக்கூட்டினால், பதிவை அடையாளம் காண முடியாமல் விண்ணப்பம் திரும்பிவிடலாம். பழைய இதழ்களென்றால் சிகாகோவிலுள்ள ஆய்வு நூலகங்கள் மையத்தின் நுண்படச் சுருள்களை (மைக்ரோஃபிலிம்) கேளுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அதன் உறுப்பினரா என்று முதலில் பாருங்கள்.

இதற்கெல்லாம் துணையாகப் பெரிய பல்கலைக்கழகங்களில் தெற்காசியத் துறைக்கென்றே ஒரு நூலகர் இருப்பார். நம் ஊரில் நூலகர் என்றால் புத்தகம் கொடுத்து வாங்குபவர் என்று பழகிவிட்டோம். அதனால் அவரிடம் போகக் கூச்சப்படுகிறோம். அங்கே ஆய்வுக்கு வழிகாட்டுவதும் அவர் வேலை. உங்கள் கேள்வி, வேண்டிய காலகட்டம், இதுவரை தேடிய சொற்கள், கிடைக்காத தலைப்புகள் ஆகியவற்றைப் பத்து வரியில் எழுதி அனுப்புங்கள். ‘தமிழ் நாடகம் பற்றி உதவி வேண்டும்’ என்று ஒற்றை வரி எழுதினால் அவரால் என்ன செய்ய முடியும்? நூலகத்தில் இல்லாத நூலை வாங்கித் தரும்படியும் அவரிடம் கேட்கலாம்.

இன்னொன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அவற்றைக் கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. சிகாகோ போய்த் தேடப்போகும் அச்சுப் பிரதி, அந்த நூலகம் இருக்கும் சென்னைத் தரமணியில் இருக்கக்கூடும். விமானம் ஏற இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய் வாருங்கள்.