எட்டில் ஆறு

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் சபைக்கு வணக்கம்.

அரசியல் த்ரில்லரைத் தாங்குவது ஆள்வோரின் சூழ்ச்சியா, படைவீரனின் கட்டுப்பாடா என்பது தலைப்பு. நான் கட்டுப்பாட்டின் பக்கம். எதிரணி அம்மா 2004-இல் வந்த 'ஸ்பார்டன்' படத்தைக் காட்டிச் சூழ்ச்சிக்குக் கொடி பிடித்தார். அமெரிக்க அதிபரின் மகள் கடத்தப்படுகிறாள். உயிரோடிருப்பவளைச் செத்துவிட்டாள் என்று அறிவித்துவிட்டு மேலிடம் தேர்தலைக் கவனிக்கிறது. இதைவிட என்ன வேண்டும் என்றார்.

அம்மா, மேலிடம் கைவிடும் என்பது வடபழனி கமலா தியேட்டரில் பாப்கார்ன் பொரிப்பவருக்கே இடைவேளைக்கு முன் தெரிந்துவிடும்! வெள்ளை வேட்டி அமைச்சர் சிரித்தபடி நுழைந்தாலே நம் சனம் அவரை வில்லன் கணக்கில் எழுதிவிடும்.

அந்தப் படத்தின் ராணுவ ஆலோசகர் எரிக் ஹேனி. அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையான டெல்டா ஃபோர்ஸின் தொடக்ககால வீரர். 1980 ஏப்ரலில் ஈரானின் தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கப் போன படையில் இருந்தவர். அந்தக் கணக்கைக் கேளுங்கள். கிளம்பியது 8 ஹெலிகாப்டர். பாலைவனத்தில் எரிபொருள் நிரப்பியபின் 6 பறந்தாக வேண்டும் என்பது முன்பே வகுத்த விதி. ஒன்றுக்குச் சுழலியில் விரிசல் எச்சரிக்கை, வழியிலேயே விட்டார்கள். ஒன்று புழுதிப்புயலில் திரும்பியது. வந்து சேர்ந்த ஆறில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் பழுது. மிச்சம் 5. விதிப்படி திட்டத்தைக் கைவிட்டார்கள். கிளம்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்தவர் சொல்லிக்கொடுத்த படம் அது. படைவீரனாக வரும் நாயகன் வால் கில்மர் அரை வாக்கியத்தில் பேசுகிறார். எதையும் நமக்கு விளக்குவதில்லை. இந்தத் தொழிலில் சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியேதான். கதவு திறந்ததும் வாசலைவிட்டு விலகவேண்டும், உள்ளே இருப்பவன் குறி அங்கேதான். நம் நாயகர்களோ வாசலை அடைத்துக்கொண்டு நின்று பஞ்ச் பேசுவார்கள். நியாயமாகப் பார்த்தால் முதல் தோட்டாவிலேயே 'வணக்கம்' போட்டிருக்க வேண்டும்!

கட்டுப்பாடுள்ளவனைத்தானே ஏமாற்ற முடிகிறது என்பார் அடுத்து வரும் ஐயா. சரிதான். ஆனால் சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ஆள் அவன். அவன் சந்தேகப்படும்போதுதான் மேலிடத்தின் பொய் நமக்கு உறைக்கிறது. எப்போதும் எகிறுபவன் சந்தேகப்பட்டால் யாருக்கு வலிக்கும்?

கடத்தப்பட்ட பெண்ணை மீட்கத் துபாய்க்கு அவன் போகும்போது ஆறு ஹெலிகாப்டரும் இல்லை, ஐந்தும் இல்லை. கட்டளையும் இல்லை. பழகிய கை மட்டும் இருக்கிறது. அங்கிருந்து அந்தப் பெண்ணை உங்கள் சூழ்ச்சியை வைத்து வெளியே கொண்டுவாருங்கள் பார்ப்போம்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி.