நம் கணக்கு நம் பெட்டியில் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, சபையோரே, வணக்கம்.

வீடு வாங்கும் குடும்பம் தன் வரவு செலவை உற்றார் உறவினரிடம் சொல்லலாமா, தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது தலைப்பு. தன்னோடுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் கேட்டார்: "வில்லங்கச் சான்றிலேயே எல்லாம் தெரியுதே, மூடி வைத்து என்ன லாபம்?" உண்மைதான், பாதி உண்மை. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் தெரிந்த எவரும் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். வாங்கியவர் பெயர், விற்றவர் பெயர், பத்திரத்தில் எழுதிய விலை எல்லாம் அதில் வரும். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கினால் அந்தப் பதிவும் வரும். ஆனால் உங்கள் சம்பளம் எவ்வளவு, சீட்டு எடுத்தீர்களா, அம்மா நகையை அடகு வைத்தீர்களா, பத்திரம் முடிந்த மறுநாள் கணக்கில் என்ன மிச்சம்? இதில் ஒன்றுகூட வில்லங்கச் சான்றில் வராது. நான் காக்கச் சொல்வது அதைத்தான்.

எங்கே நஷ்டம் என்று கணக்காகவே காட்டுகிறேன். திருவொற்றியூரில் ஒரு பழைய ஃபிளாட், பேசி முடிக்க நினைக்கும் விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு. ஆக லோன் 40 லட்சம், கைப்பணம் 10 லட்சம். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம்; அது நாலரை லட்சம். பதிவுச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்து வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போக வேண்டும். பதினாலரை லட்சம் புரட்டி நிற்கிற குடும்பம் இது.

இந்த நேரத்தில் புரோக்கர் அன்பாகக் கேட்பார்: "சார், லோன் எவ்ளோ சாங்ஷன் ஆயிருக்கு? லெட்டரை வாட்ஸ்அப்ல போடுங்க." போட்டீர்கள். அதில், உங்களுக்கு 45 லட்சம் வரை கடன் தரலாம் என்று இருக்கிறது. 80 சதவீதக் கணக்கில் இவர் 56 லட்சம் வரை போவார் என்று அந்த நிமிடமே விற்பவர் காதுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு, "விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துடுச்சு, 54-க்குக் கீழ இறங்க மாட்டாரு" என்பார்கள். மெட்ரோ 2021-லேயே வந்துவிட்டது. விலை ஏறியது உங்கள் லெட்டரால். கமிஷன் விலையில் சதவீதம், அதனால் விலை ஏறினால் புரோக்கருக்கும் வரும்படி ஏறும். அவரைக் குறை சொல்லவில்லை. "பேங்க் லோன்தான், விலை முடிந்ததும் லெட்டர் காட்டுறேன்" என்று சொல்லுங்கள், அது போதும்.

காகிதங்களும் அப்படித்தான். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு இவை வங்கிக்குப் போக வேண்டியவை. லோன் ஏஜென்ட் நாலு பேர் கையில் கொடுத்தால், நாலு இடத்தில் விண்ணப்பம் விழுந்து கிரெடிட் ஸ்கோரும் இறங்கலாம். ஜெராக்ஸ் கொடுக்கும்போது குறுக்கே எந்த வங்கி, எதற்காக, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடையாளத்துக்கு மட்டும் ஆதார் கேட்பவருக்குக் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரே போதும். ஆதார் இணையதளத்திலேயே அது கிடைக்கும்.

"சொன்னால்தானே கைமாத்து கிடைக்கும்?" என்றார் எதிரணித் தோழர். யாரிடம் வாங்குகிறீர்களோ அவரிடம், வாங்குகிற தொகையை மட்டும் சொல்லுங்கள். பெரம்பூர் சித்தப்பா தரும் 2 லட்சத்துக்காக வியாசர்பாடி மாமாவின் 3 லட்சத்தை அவரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஒப்பித்தால் திருப்பித் தரும்போது "அவருக்கு மட்டும் முதல்ல கொடுத்தே" என்ற மனக்கசப்பு வரும். அந்தப் பணமும் வங்கி வழியாகவே வரட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகையை அபராதமாகப் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்கிறேன், நடுவர் அவர்களே. என் அணி கறுப்புப் பணத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் அதில் ஒரு சதவீதம் வரி பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்டியே ஆக வேண்டும். பத்திரத்தில் தொகையைக் குறைத்து எழுதுவது குற்றம். அரசிடமும் வங்கியிடமும் ஒளிவு கூடாது. பால் காய்ச்சுகிற அன்று "மொத்தம் எவ்ளோ ஆச்சு?" என்று கேட்கிற உறவுக்கு மட்டும், "லோன் போட்டுத்தான் வாங்கினோம், சாப்பிட்டுட்டுப் போங்க" என்பதே பதில்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு விஷயம். கணவன் மனைவிக்குள் இந்த ரகசியம் ஆகாது. தவணை எந்தத் தேதி, எந்தக் கணக்கில் பிடிக்கிறார்கள், கடனுக்குக் காப்பீடு உண்டா, அசல் பத்திரம் எந்தக் கிளையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். நன்றி, வணக்கம்.